ஐவர் பட்டியலும் அமெரிக்கப் புனைவியல் இலக்கியமும்: ஒரு மறுப்புரை

அமெரிக்க இலக்கியத்தின் புனைவியல் காலம் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிமுகங்களிலும் ஒப்பியல் ஆய்வேடுகளிலும் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. எமர்சன் மெய்யியலை வகுத்தார். தோரோ அதனை வாழ்ந்து காட்டினார். ஹாதோர்ன் பாவத்தின் உளவியலை எழுதினார். மெல்வில் கடலையும் ஊழையும் எழுதினார். விட்மன் மக்களாட்சியைப் பாடினார் என்பதே அவ்வாய்பாடு. இவ்வைவருக்கும் தோற்றுவாயாக இர்விங், கூப்பர், பிரையன்ட் ஆகியோர் ஒரு பத்தி பெறுவர். எட்கர் ஆலன் போவும் எமிலி டிக்கின்சனும் எதற்கும் அடங்காதவர்களாக இறுதியில் ஒட்டவைக்கப்படுவர். இயற்கை, தனிமனிதன், விடுதலை என்னும் மூன்று சொற்கொண்டு காலம் முழுதும் அளந்து முடிக்கப்படும். பின்னர், எமர்சன் உபநிடதக் கருத்துகளில் தோய்ந்தார் என்றும் தோரோ கீதையைக் கையில் வைத்திருந்தார் என்றும் ஒரு பெருமிதக் குறிப்புடன் இயல் நிறைவுறும்.

இவ்வாய்பாடு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதில் சில பெயர்கள் விடுபட்டுள்ளன என்பது சிறு குறை. பெயர்களைக் கூட்டிக்கொண்டால் தீர்ந்துவிடும். பெருங்குறை வேறு. அப்பட்டியல் தன்னுள் இடம்பெற்ற ஐவரையுமே அரைகுறையாக வாசிக்கும்படி செய்துவிட்டது. அடிமை முறை சட்டமாக இருந்த ஒரு நாட்டில் விடுதலையைப் பற்றி எழுதியவர்களை, அச்சட்டம் இல்லாதது போலப் படித்துக்கொள்ளும் வழக்கம் அதனால் நிலைபெற்றது.

பட்டியல் எப்போது பிறந்தது?

ஐவர் பட்டியல் அவர்கள் வாழ்ந்த காலத்தில் தோன்றியதன்று. 1941ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எஃப். ஓ. மாத்தியசன் ‘அமெரிக்க மறுமலர்ச்சி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். 1850 முதல் 1855 வரையிலான ஐந்தாண்டுகளில் ஹாதோர்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ (1850), மெல்விலின் ‘மோபி டிக்’ (1851), தோரோவின் ‘வால்டன்’ (1854), விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ (1855) ஆகியவை அடுத்தடுத்து வெளிவந்த வியப்பே அந்நூலின் தொடக்கப்புள்ளி. எமர்சன் அவ்வெழுச்சிக்கு ஊற்றாகக் கொள்ளப்பட்டார். மக்களாட்சியின் சாத்தியங்களில் ஐவரும் கொண்டிருந்த பற்றே அவர்களை இணைக்கும் கயிறு என்றார் மாத்தியசன். அக்கயிற்றில் போ கட்டுப்படவில்லை. எனவே வெளியே நிறுத்தப்பட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வாசகர் ஒருவரிடம் நாட்டின் பெருங்கவிஞர் யாரெனக் கேட்டிருந்தால் லாங்ஃபெல்லோ, பிரையன்ட், விட்டியர், ஹோம்ஸ், லோவெல் என்றே விடை வந்திருக்கும். மெல்வில் தம் இறுதிக்காலத்தில் ஏறத்தாழ மறக்கப்பட்டவர். 1866 முதல் பத்தொன்பது ஆண்டுகள் நியூயார்க் சுங்கத்துறையில் ஆய்வாளராக உழைத்து, 1891இல் மறைந்தார். ‘மோபி டிக்’ அவர் வாழ்நாளில் ஏறத்தாழ மூவாயிரம் படிகளே விற்றது. 1919இல் அவரது நூற்றாண்டு வந்த பின்னரும், 1921இல் ரேமண்ட் வீவர் வாழ்க்கை வரலாறு எழுதிய பின்னரும், 1924இல் ‘பில்லி பட்’ முதன்முறையாக அச்சேறிய பின்னருமே இன்று அறியப்படும் மெல்வில் உருவானார். விட்மனின் நூலோ 1855இல் ஆசிரியர் தம் செலவில் ஏறத்தாழ 795 படிகள் அச்சிட்ட, தலைப்பில்லாப் பன்னிரு பாடல்கள் கொண்ட மெல்லிய தொகுதி. டிக்கின்சன் எழுதிய ஏறத்தாழ 1800 பாடல்களுள் அவர் வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவே. 1890இல் வந்த முதல் தொகுதியில் பதிப்பாசிரியர்கள் நிறுத்தக்குறிகளையும் சொற்களையும் திருத்தினர். மூலத்துக்கு நெருக்கமான முழுப்பதிப்பு 1955இல் தாமஸ் ஜான்சனால்தான் வந்தது. எனவே 1941இல் மாத்தியசன் கையில் நம்பத்தக்க டிக்கின்சன் இல்லை. இது அவருக்குச் சாதகமாகச் சொல்லவேண்டிய செய்தி.

வேறொன்றும் அவருக்குச் சாதகமாகச் சொல்லப்பட வேண்டும். தாம் தேர்ந்த ஐவரும் அக்காலத்தில் அதிகம் விற்றவர்கள் அல்லர் என்பதைத் தம் முன்னுரையிலேயே அவர் மறைக்காமல் கூறினார். போர்க்காலத்தில், மக்களாட்சிக்கு ஓர் இலக்கிய அடித்தளம் தேடிய நல்லறிஞரின் வாதம் அது. வாதத்தை வரலாறாக மாற்றியவர்கள் பின்வந்தோர். பாடத்திட்டக் குழுக்கள் ஐவரை அட்டவணையாக்கின. அட்டவணையை வினாத்தாள் உறுதிப்படுத்தியது. வினாத்தாளை வழிகாட்டி நூல்கள் நிலைபெறச் செய்தன. அமெரிக்காவிலேயே ஜேன் டாம்ப்கின்ஸ் 1985இலும், டேவிட் ரெனால்ட்ஸ் 1988இலும், டோனி மாரிசன் 1992இலும் இப்பட்டியலின் அடிமானத்தை அசைத்துவிட்டனர். தமிழ் ஒப்பியலின் பெரும்பகுதியோ 1941ஐ விட்டு நகரவில்லை.

1855: ஓராண்டின் மேசை

மாத்தியசன் எல்லையிட்ட ஐந்தாண்டுகளின் கடைசி ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘புல்லின் இதழ்கள்’ வெளிவந்த அதே 1855இல் ஃபிரெடரிக் டக்ளஸின் ‘என் தளையும் என் விடுதலையும்’ வெளிவந்தது. லாங்ஃபெல்லோவின் ‘ஹயவாத்தாவின் பாட்டு’ அவ்வாண்டினது. மெல்விலின் ‘பெனிட்டோ செரீனோ’ அவ்வாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘புட்னம்ஸ்’ மாத இதழில் தொடராக வந்தது. ஃபேனி ஃபெர்ன் என்னும் புனைபெயரில் எழுதிய பெண்ணின் ‘ரூத் ஹால்’ நாவல் முந்தைய ஆண்டின் இறுதியில் வந்து, அவ்வாண்டு பலராலும் பேசப்பட்டது.

அவ்வாண்டு ஜனவரியில் ஹாதோர்ன் தம் பதிப்பாளர் டிக்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண் எழுத்தாளர் கூட்டத்தின் கையில் நாடு சிக்கிவிட்டதாகவும், மக்கள் அவர்களது குப்பையில் மயங்கியிருக்கும்வரை தமக்கு வெற்றியில்லை என்றும் அதில் சலித்துக்கொண்டார். இக்கடிதம் எல்லோராலும் எடுத்தாளப்படுவது. சில வாரங்களில் அதே பதிப்பாளருக்கு அவர் எழுதிய மற்றொரு கடிதத்தை எடுத்தாள்வோர் குறைவு. ‘ரூத் ஹால்’ படித்துவிட்டு, இப்பெண் மெய்யாகவே எழுதுகிறார் என்று அதில் அவர் பாராட்டினார். முதற்கடிதத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது பட்டியலுக்கு வசதி. அடுத்த ஆண்டே அந்த ஃபேனி ஃபெர்ன் ‘நியூயார்க் லெட்ஜர்’ இதழில் விட்மனின் நூலைத் துணிந்து பாராட்டினார். பலர் அதனை ஆபாசம் என்று முகஞ்சுளித்த நேரம் அது. விட்மனை முதலில் இனங்கண்டவர் வரிசையில் எமர்சன் பெயர் எல்லா நூலிலும் உண்டு. இப்பெண்ணின் பெயர் எத்தனை நூல்களில் உண்டு?

டக்ளஸின் நூல் இன்னும் முக்கியமானது. 1845இல் அவர் எழுதிய முதல் தன்வரலாற்றுக்கு வெள்ளையரான காரிசனும் ஃபிலிப்ஸும் நற்சான்று வழங்க வேண்டியிருந்தது. முன்னாள் அடிமை ஒருவனால் இவ்வாறு எழுத முடியுமா என்னும் ஐயம் நிலவிய காலம். 1855 நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவர். இம்மாற்றம் அட்டையோடு நின்றதன்று. அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பேர்பெற்ற கோவி என்பவனுடன் பதினாறு வயது டக்ளஸ் கட்டிப்புரண்ட நிகழ்ச்சி இரு நூல்களிலும் நடுநாயகமானது. முதல் நூலில் அது ஒரு தனியனின் வெற்றியாகவே ஓங்கி நிற்கிறது. இரண்டாம் நூலில் காரலைன் என்னும் அடிமைப்பெண் அக்களத்துக்குள் வருகிறாள். டக்ளஸைப் பிடித்துக்கொள்ளுமாறு கோவி கட்டளையிடுகிறான். வலிமை மிக்க அவள் மறுக்கிறாள். அம்மறுப்புக்கு அவள் உடல் விலை கொடுக்கிறது. தன்னைத்தானே நம்பி நிற்கும் தனிமனிதன் என்னும் எமர்சனியக் கருத்தை இதைவிட நுட்பமாகத் திருத்திய பனுவல் அப்பத்தாண்டில் அரிது. ஒருவனின் எழுச்சி மற்றொருத்தியின் மறுப்பைச் சார்ந்திருந்தது என்பதை டக்ளஸ் பத்தாண்டுக்குப் பின் திரும்பிப் பார்த்து எழுதினார். ஒரே நிகழ்ச்சியை இருமுறை எழுதி, இரண்டாம் முறை தன் பெருமையைப் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியன், ‘ஆவணம் எழுதியவன்’ மட்டுமா, கலைஞனும் ஆவானா என்பதை வாசகர் முடிவு செய்யலாம்.

பெனிட்டோ செரீனோ: பட்டியல் தவறவிட்ட மெல்வில்

ஐவருள் ஒருவரான மெல்விலிடமே இச்சிக்கல் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. அமெரிக்கக் கப்பல் தலைவர் அமாசா டெலானோ 1817இல் வெளியிட்ட பயண நூலின் ஓர் இயலே ‘பெனிட்டோ செரீனோ’வின் மூலம். மெல்வில் அதில் செய்த மாற்றங்கள் கருதத்தக்கவை. 1805இல் நடந்ததை 1799க்கு நகர்த்தினார். ‘ட்ரையல்’ என்னும் கப்பலின் பெயரைச் ‘சான் டொமினிக்’ என மாற்றினார். அப்பெயரைக் கேட்ட அக்கால வாசகருக்கு, 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் ஹெய்ட்டி என்னும் தனிநாடாக்கிய செயின்ட் டொமிங்கே தீவு நினைவுக்கு வராமலிராது.

கதை எளிது. சிலி நாட்டுக் கடலோரம் நின்ற ஓர் ஒழுங்கற்ற ஸ்பானியக் கப்பலில் டெலானோ உதவி செய்ய ஏறுகிறார். தலைவன் செரீனோ நோயுற்றவன் போலத் தள்ளாடுகிறான். பாபோ என்னும் கறுப்பினப் பணியாள் நிழலாய் உடனிருக்கிறான். உண்மையில் அடிமைகள் முன்பே கப்பலைக் கைப்பற்றிவிட்டனர்; பாபோவே தலைவன்; பணிவு முழுவதும் நடிப்பு. டெலானோவுக்கு இது கடைசிவரை விளங்குவதில்லை. பாபோ தன் ‘எசமானுக்கு’ முகம் மழிக்கும் காட்சி உலகச் சிறுகதையின் உச்சங்களில் ஒன்று. மழிப்புத் துணியாக ஸ்பானிய நாட்டுக்கொடி செரீனோவின் கழுத்தில் சுற்றப்படுகிறது. கத்தி தொண்டையருகே மின்னுகிறது. அருகிலிருக்கும் டெலானோவோ கறுப்பினத்தார் இயல்பிலேயே நல்ல ஏவலாளர் என்று நெகிழ்ந்து மகிழ்கிறார். கதை முழுதும் டெலானோவின் கண்வழியே நகர்வதால், அவருடன் சேர்ந்து நெகிழும் வாசகரும் பின்னால் நாண நேர்கிறது. இறுதிப்பகுதி நீதிமன்ற வாக்குமூலத்தின் வறண்ட நடைக்கு மாறுகிறது. அங்கே எல்லோரும் பேசுகின்றனர். பாபோ மட்டும் பேசுவதில்லை. தூக்கிலிடப்படும் வரை ஒரு சொல் இல்லை. அவனது தரப்பை எந்த ஏடும் பதியவில்லை.

மாத்தியசன் இக்கதையை அறியாதவர் அல்லர். வெளிறிய ஸ்பானியத் தலைவனில் நன்மையும் கலகம் செய்த கறுப்பரில் தீமையும் உருவாகியுள்ளன என்று அவர் கொண்டார். அடிமையாக்கப்பட்டதன் வழி அவர்களுக்கே முதலில் தீங்கு இழைக்கப்பட்டது என்பதை மெல்வில் கணக்கில் எடுக்காததால் துன்பியல் மேலோட்டமாகிவிட்டது என்றும் குறைகூறினார். அறவுணர்வால் பிறந்த குறைதான். ஆயினும் அது டெலானோவின் கண்ணை மெல்விலின் கண் எனக் கொண்டதால் நேர்ந்த குறை. கதைமாந்தனின் குருட்டுத்தன்மையைக் காட்டும் பொருட்டே அமைந்த நடையை ஆசிரியனின் குருட்டுத்தன்மை எனப் படித்தவர் ஒரு சாதாரண வாசகரல்லர். அக்கால நுண்வாசிப்பின் முதல்வர்களுள் ஒருவர். மெல்வில் மக்களாட்சியின் கவிஞர் என்று முன்பே முடிவு செய்துகொண்டால், மக்களாட்சி பேசும் ஒரு நல்லெண்ண அமெரிக்கரை அவர் எள்ளி நகையாடக்கூடும் என்பது தோன்றாமல் போகிறது.

மெல்விலுக்கு இச்சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மாமனார் லெமுவல் ஷா மாஸசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி. ‘டைப்பீ’ (1846) நூல் அவருக்கே உரிமையாக்கப்பட்டது. தப்பியோடிய அடிமைகளை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை நிலைநிறுத்தி, 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் என்னும் இளைஞர் ஜார்ஜியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட வழிவிட்டவர் அந்த ஷாதான். அப்போது ‘மோபி டிக்’ எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. தம் கல்லூரித் தோழர் ஃபிராங்க்ளின் பியர்சுக்காக ஹாதோர்ன் 1852இல் தேர்தல் வாழ்க்கை வரலாறு எழுதியதும், அதில் அடிமை முறை இறைவன் குறித்த காலத்தில் தானே மறையும் என்னும் போக்கில் வாதிட்டதும், பியர்ஸ் வென்றபின் லிவர்பூல் துணைத்தூதர் பதவி பெற்றதும் இதனுடன் வைத்து எண்ணத்தக்கவை. பாவத்தின் உளவியலை எழுதியவர் என்னும் ஒற்றை வரியில் இந்த ஹாதோர்ன் அடங்கமாட்டார்.

இரு தனிமைகள்

‘வால்டன்’ நூலைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் தோரோவைக் குடிசை கட்டி வாழ்ந்த துறவியாகவே காட்டுகின்றன. 1845 ஜூலை 4 அன்று அவர் குடிபுகுந்த குடிலின் அளவு பத்தடிக்குப் பதினைந்தடி, நிலம் எமர்சனுடையது. இவை எல்லோரும் அறிந்தவை. அக்காட்டில் தமக்கு முன் வாழ்ந்தோரைப் பற்றித் தோரோ எழுதிய ஓர் இயல் மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை. கேட்டோ இங்ரஹாம், ஜில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன் ஆகிய முன்னாள் அடிமைகள் கான்கார்டு ஊரின் ஓரத்தில், எவரும் வேண்டாத மணற்பாங்கான நிலத்தில் குடியிருந்தனர். நூல் நூற்றுப் பிழைத்த ஜில்ஃபாவின் வீடு எரிக்கப்பட்டது. பிரிஸ்டர் நட்ட ஆப்பிள் மரங்கள் தோரோ காலத்திலும் நின்றன. தோரோவின் காடு கன்னிக்காடு அன்று. ஊர் ஒதுக்கித்தள்ளியவர்கள் வாழ்ந்து அழிந்த இடம். அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். ‘வால்டன்’ அச்சேறியது 1854 ஆகஸ்டு 9. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், ஜூலை 4 அன்று, தப்பிவந்த ஆன்டனி பர்ன்ஸ் பாஸ்டனிலிருந்து மீண்டும் அடிமைத்தளைக்கு அனுப்பப்பட்டதைக் கண்டித்து ஃபிரேமிங்காம் கூட்டத்தில் சீற்றத்துடன் உரையாற்றியவரும் அதே தோரோதான். காந்தியடிகள் 1907இல் தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எடுத்து வெளியிட்டது, வரிகொடாமையை வாதிட்ட கட்டுரையை. காட்டுத் துறவியை அன்று, அடிமை முறைக்கும் மெக்சிகப் போருக்கும் துணைநிற்க மறுத்த குடிமகனையே அவர் கண்டார். இலக்கியப் பட்டம் எதுவுமின்றி அவர் செய்த வாசிப்பு பல ஆய்வேடுகளைவிடச் சரியானது.

தோரோவின் தனிமைக்கு அருகில் வைக்கவேண்டிய மற்றொரு தனிமை உண்டு. வட கரோலினா மாநிலம் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ், எசமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்பித் தம் பாட்டியின் வீட்டுக் கூரையடி மாடத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்தார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் மூன்றடி உயரம். நிமிர்ந்து உட்காரவும் இயலாத அவ்விருளில் பலகையில் துளையிட்டு, வெளியே விளையாடும் தம் குழந்தைகளைப் பார்த்திருந்தார். 1861இல் அவர் ‘லிண்டா பிரென்ட்’ என்னும் புனைபெயரில் வெளியிட்ட தன்வரலாற்றில் இம்மாடத்தைக் கூறும் இயலின் தலைப்பு, ஆங்கிலக் கவிஞர் கூப்பரின் (அமெரிக்க நாவலாசிரியர் கூப்பர் அல்லர்) ‘தி டாஸ்க்’ பாடலில் வரும் ஒரு தொடர். உலக ஆரவாரத்தை ஒதுங்கியிருந்து அமைதியாக நோக்கும் கவிஞனின் இனிய ஒதுக்கிடத்தைக் குறித்த தொடரை, உயிருக்கு அஞ்சிப் பதுங்கிய பொந்துக்குப் பெயராக்கினார் ஜேக்கப்ஸ். விரும்பி ஏற்ற தனிமை, புனைவியல் கவிதையின் பெருஞ்செல்வம். திணிக்கப்பட்ட தனிமையில் இருந்தவர் அச்செல்வத்தை அறிந்தே கையிலெடுத்துத் திருப்பிக் காட்டுகிறார். இந்நூல் பல்லாண்டுகள் அதன் பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டு எழுதிய கற்பனை என்று கருதப்பட்டது. ஜீன் ஃபேகன் யெலின் சான்றுகளைத் திரட்டி 1987இல் வெளியிட்ட பதிப்பே ஜேக்கப்ஸின் உரிமையை நிலைநாட்டியது.

இங்கு ஓர் எதிர்ப்பு எழும். இலக்கியத் தகுதியை விட்டுச் சமூகவியலுக்குள் புகுவதாகவும், அனுதாபத்தால் இடம் ஒதுக்குவதாகவும் கூறப்படும். இவ்வெதிர்ப்பில் ஒரு பாதி நியாயம் உண்டு. விற்பனை எண்ணிக்கை தகுதியன்று. 1852இல் நூலாகி ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் படிகள் விற்ற ஸ்டோவின் ‘டாம் மாமாவின் குடிசை’, கட்டமைப்பில் ‘மோபி டிக்’ அருகே நிற்காது. லாங்ஃபெல்லோவின் புகழ் தேய்ந்ததிலும் பெரிய அநீதி எதுவுமில்லை. ஆனால் ‘ஹயவாத்தா’வின் பின்னணியில் ஒரு பெண் மறைந்து நிற்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாங்ஃபெல்லோ பயன்படுத்திய பூர்வகுடிக் கதைகளைத் தொகுத்த ஹென்றி ஸ்கூல்கிராஃப்டின் மனைவி ஜேன் ஜான்ஸ்டன் ஸ்கூல்கிராஃப்ட் (1800-1842) ஒஜிப்வே குலத்தைச் சார்ந்தவர். ஒஜிப்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவர். கணவரின் தொகுப்புக்குக் கதை தந்தவர். அவர் எழுத்துகள் தனி நூலாகத் திரண்டது 2007இல்தான். அச்சில் இல்லாததைத் தகுதியற்றது என்று எவ்வாறு தீர்ப்பிடுவது? அழிந்துபோன ஏடுகளைப் பற்றி வருந்தும் தமிழ்ப் புலமை இக்கேள்வியைக் கேட்கத் தயங்கக் கூடாது.

எதிர்ப்பின் மறுபாதி, தகுதி என்பது எழுத்தாளன் நின்ற இடத்தைச் சாராதது என்னும் நம்பிக்கை. ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டனின் வாழ்க்கை அதற்கு விடை. வட கரோலினாவில் அடிமையாயிருந்த அவர், எழுதக் கற்கும் முன்பே பாடல்களை மனத்துள் கட்டினார். சேப்பல் ஹில் பல்கலைக்கழக மாணவர்கள் தம் காதலியருக்கு அனுப்பும் கவிதைகளை அவரிடம் காசு கொடுத்து வாங்கினர். அவரது ‘விடுதலையின் நம்பிக்கை’ 1829இல் வெளிவந்தது; விற்றுவரும் தொகையால் அவரை விடுவிப்பது நோக்கம். தொகை சேரவில்லை. 1865 வரை அவர் அடிமையாகவே இருந்தார். அவருக்குக் கவிதை எழுத்தில் துணைநின்ற காரலைன் லீ ஹென்ட்ஸ் என்னும் எழுத்தாளரோ பின்னாளில் ஸ்டோவுக்கு மறுப்பாக, அடிமை முறையைத் தாங்கிப் பிடிக்கும் நாவல் ஒன்றை 1854இல் எழுதினார். ஹார்ட்டனின் யாப்பு பழையது, பல இடங்களில் தேய்ந்தது என்பது மெய். ஆயின் விடுதலை என்ற சொல் அவர் கவிதையில் என்ன பொருள் தருகிறது, எமர்சன் கட்டுரையில் என்ன பொருள் தருகிறது என்று கேளாமல் அச்சொல்லை அக்காலத்தின் பொதுப்பண்பாக எழுதிச் செல்வது ஆய்வாகாது.

எமர்சனும் அவ்வாறு எளிதில் கடக்கத்தக்கவர் அல்லர். 1838இல் செரோக்கி மக்களைத் தாயகத்திலிருந்து வெளியேற்றுவதைக் கண்டித்து அதிபர் வான் பியூரனுக்கு மடல் எழுதினார். 1844இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமை விடுதலை குறித்து உரையாற்றினார். 1851இலும் 1854இலும் ஓடிப்போன அடிமைகள் சட்டத்தைத் தாக்கினார். இவ்வுரைகள் திரட்டப்பட்டுத் தனி நூலானது 1995இல். அதே எமர்சன் 1856இல் ‘ஆங்கிலேயர் இயல்புகள்’ நூலில் சாக்சன் இனப்பெருமையைப் பேசினார். இம்முரண்களோடு கூடியவரே வரலாற்று எமர்சன். பிரமத்தைப் பற்றி 1857இல் ஒரு கவிதை வெளியிட்டார் என்பதோடு அவரை முடித்துவிடுவது, இந்தியப் பெருமிதத்துக்கு அவரைப் பலியிடுவதாகும்.

தமிழ் ஒப்பியலின் பங்கு

தமிழுக்கும் இக்காலத்துக்கும் மெய்யான உறவு உண்டு. பாரதியார் தம் உரைநடையில் விட்மனை அறிமுகப்படுத்தினார். அவரது வசன கவிதை முயற்சியை விட்மனோடு இணைத்துப் பேசுவது மரபாகிவிட்டது. ‘புல்லின் இதழ்கள்’ தந்த தூண்டுதலைப் பிச்சமூர்த்தியும் கூறியுள்ளார். யாப்பின் கட்டை அவிழ்க்கும் துணிவு விட்மனிடமிருந்து வந்தது என்றால், அத்துணிவு அங்கே எதன்மீது வளர்ந்தது என்று கேட்பது ஒப்பியலின் கடமை. விட்மன் 1848இல் சில மாதங்கள் நியூ ஆர்லியன்சில் இதழாளராக இருந்தார். அடிமை ஏலங்கள் அந்நகரில் அன்றாடக் காட்சி. 1855 தொகுதியிலேயே தப்பிவந்த அடிமைக்குப் புகலளிக்கும் பகுதியும், ஏலமேடையில் நிறுத்தப்பட்ட உடலின் மேன்மையைப் பாடும் பாடலும் இடம்பெற்றன. போருக்குப் பின்னர்க் கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை வழங்குவதில் அதே விட்மன் தயங்கினார். பாடலின் அகலத்துக்கும் பாடியவரின் எல்லைக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியைப் ‘பாரதியும் விட்மனும்’ என்று தலைப்பிடும் ஒப்பீடுகள் பொதுவாகத் தொடுவதில்லை. சாதியையும் விடுதலையையும் ஒருசேரப் பாடிய பாரதியிடமும் இதே இடைவெளியை அளக்க நேரும் என்ற அச்சம் காரணமாகலாம்.

இந்தியத் தாக்கம் பேசுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் இடம் ‘வால்டன்’ நூலின் பனிக்கட்டிப் பகுதி. 1846-47 குளிர்காலத்தில் குளத்தின் பனியை ஆட்கள் வெட்டியெடுத்ததைக் கண்ட தோரோ, தம் கிணற்று நீரைத் தொலைதூர நகரத்தார் பருகுவதாகவும், காலையில் கீதையின் மெய்யியலில் தம் அறிவை நீராட்டுவதாகவும் எண்ணி மகிழ்கிறார். தோரோவின் கைக்கு வந்த கீதை, சார்லஸ் வில்கின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்து மொழிபெயர்த்து 1785இல் வெளியிட்டது. நகரப் பெயர்களுள் சென்னை இருப்பதால் தமிழ் ஆய்வாளர்க்கு அவ்விடம் இனிக்கிறது. இனிக்கத்தான் செய்யும், மாஸசூசெட்ஸ் பனிக்கட்டியை விற்ற டியூடர் குழுமம் 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது. கப்பலில் வந்த பனியும் கப்பலில் போன கீதையும் ஒரே வணிகப் பாதையின் இரு சரக்குகள் என்று எழுதியவர்கள் சிலரே.

அந்த வாக்கியத்தில் சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய பெயர்களுக்கு முன்னால் வேறு இரு நகரப் பெயர்கள் உள்ளன. மேற்கோளை வெட்டியெடுக்கும்போது அவை பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரில் மிகப் பலர் வட அமெரிக்க மண்ணில் முதலில் இறக்கப்பட்ட துறைமுகமான சார்ல்ஸ்டன். மற்றொன்று, தோரோ அவ்வரியை எழுதிய நாளில் நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தையாயிருந்த நியூ ஆர்லியன்ஸ்.